வேங்கடத்து மலையும் பள்ளிப் பிள்ளைகளின் ஏடும்

தமிழ் நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரம் வகுத்துச் சொல்கிறது. அவ்வெல்லை மலையின் அடிவாரத்தில் பிழைப்பின் பொருட்டு வந்து குடியேறிய நாம், ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடி விழா எடுத்து, மலரும் வெளியிட்டு மகிழ்கிறோம். கம்பரையும் இளங்கோவையும் ஆழ்வார்களையும் பற்றி எழுத நம் சங்கத்தில் புலமை மிக்க பெரியோர் பலர் உளர். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரேணிகுண்டாவில் இரயில்வே பார்சல் பதிவேடுகளை எழுதிக் காலங்கழிக்கும் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் அன்போடு பணித்தார்கள். இலக்கியம் எழுதும் தகுதி எமக்கில்லை. பதிவேடு எழுதுவதே யாம் அறிந்த தொழில். ஆதலின் அதனோடு ஒட்டிய ஒரு வரலாற்றையே எடுத்துக்கொண்டோம்.

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உயிரியல் துறையில் மெய்யான ஆராய்ச்சி செய்ய இயலுமா? ஆராய்ச்சி என்பது பெரும் பட்டங்கள் பெற்றோர், கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கிகளும் நிறைந்த கூடங்களில் அமர்ந்து செய்யும் காரியம் என்பதே பொதுவான எண்ணம். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எவ்வாறு மாறிற்று என்பதையும், நாம் வாழும் இச் சித்தூர், திருப்பதிச் சீமையிலேயே அதற்கு எத்தகைய சான்றுகள் கிடைக்கின்றன என்பதையும் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

எம் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, சுற்றுப்புறத்தில் உள்ள ஓர் உயிரினத்தைக் கவனித்து எழுதி வருமாறு பள்ளியில் பணித்தனர். எம் குடியிருப்புக்கு எதிரே ஓர் அரசமரம் உண்டு. அந்திப்பொழுதில் மைனாக்கள் கூட்டங்கூட்டமாக வந்து அதில் அடையும். மகள் பதினான்கு நாள் மாலை வாசற்படியில் அமர்ந்து அவற்றை எண்ணினாள். ஒரு நாள் 62, மறுநாள் 58, அதற்கடுத்த நாள் 71 என்று எண்கள் சென்றன. பத்தாம் நாள் மட்டும் 9 என்று எழுதியிருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய யாம், "என்னம்மா இது? எல்லா நாளும் அறுபதை ஒட்டி இருக்க, இது மட்டும் ஒன்பதா? ஆசிரியர் ஏற்கமாட்டார். அறுபது என்று மாற்றி எழுது" என்றோம். "அன்றைக்கு ஒன்பதுதான் அப்பா வந்தது" என்றாள். யாம் வற்புறுத்தவே, ரப்பரால் அழித்துவிட்டு 60 என்று எழுதினாள். பள்ளியில் நல்ல மதிப்பெண்ணே கிடைத்தது. ஆனால் அதன்பின் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை.

பார்சல் பதிவேட்டில் எழுதிய எண்ணை அழித்தல் கூடாது. தவறாயின் குறுக்கே கோடிட்டு, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். இருபதாண்டுக் காலம் இம்முறை பிறழாது நடந்த யாம், பெற்ற பிள்ளையின் ஏட்டில் மட்டும் எண்ணை அழிக்கச் சொன்னோம். அதனால் விளைந்தது யாது என்பதைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

ஆராய்ச்சி என்பது யாது?

ஆராய்ச்சியின் வேர் கூர்ந்து காண்டல். கண்டதை நாளும் இடமும் குறித்துப் பொய்யின்றி எழுதி வைத்தல் அதன் அடுத்த படி. எழுதியதைப் பிறர் சோதித்துப் பார்க்க இடந்தருதல் மூன்றாவது படி. இம்மூன்றுக்கும் பட்டம் வேண்டியதில்லை.

இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி (1896-1987) அவர்களின் வாழ்வே இதற்குச் சான்று. பம்பாயில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சிறுவனை அனுப்பினார். 1883-இல் தோன்றிய அக்கழகத்தின் செயலாளராக அப்போதிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், சிறுவன்தானே என்று தள்ளிவிடவில்லை. குருவியின் இனத்தைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டி, படிக்கப் புத்தகங்களும் இரவல் தந்தார். அந்த ஒரு நாளிலிருந்து ஒரு பெருவாழ்வு தொடங்கிற்று. பிற்காலத்தில் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அரசு விலங்கியல் துறையில் அவருக்கு வேலை கிட்டாமற் போயிற்று. ஆயினும் இந்நாட்டுப் பறவைகளைப் பற்றி அவர் எழுதியவற்றைத் தவிர்த்துவிட்டு இன்று எவரும் ஆராய்ச்சி நடத்த முடியாது.

மலை அறிந்தது, ஏடு அறியாதது

இனி நம் மலைகளுக்கு வருவோம். திருமலையில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இதனைத் தெலுங்கு நண்பர்கள் பங்காரு பல்லி என்பர். சென்னை மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெட்டோம் என்பவர், 1870-இல் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். தாம் கண்ட இடத்தை வட ஆர்க்காட்டுத் திருப்பதி மலை என்று குறித்தார். சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான். அதற்கு முன் சித்தூரே வட ஆர்க்காட்டின் தலைநகராய் இருந்தது என்பதை நம் பெரியோர் அறிவர்.

பெட்டோமுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்பல்லியைப் பற்றிய உறுதியான செய்தி விஞ்ஞான உலகுக்குக் கிட்டவில்லை. அரிதாகிவிட்டதோ, அழிந்ததோ என்று ஐயுற்றனர். 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மீண்டும் கண்டு, 1986-இல் தம் சஞ்சிகையில் எழுதினர். அந்நூறு ஆண்டுகளில் மலையேறிச் சென்ற அடியார்கள் எத்தனை இலட்சம்! மலையடிவாரத்துப் பள்ளிகளில் படித்து வெளியேறிய பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! அவருள் சிலரேனும் அப்பல்லியைக் கண்டிருப்பர். கண்டதை எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் இல்லாமற் போயிற்று.

இதனினும் வியப்பான செய்தி அண்டையிலுள்ள கடப்பை மாவட்டத்தினது. ஆள்காட்டிக் குருவியைப் போல நீண்ட காலுடன் தரையில் ஓடித் திரியும் ஒரு பறவை அங்கு உண்டு. தெலுங்கில் கலிவிக்கோடி என்பர். விஞ்ஞானிகள் அதனைக் கண்டறிந்த மருத்துவர் ஜெர்டனின் பெயரால் அழைப்பர். 1848-இல் நூலேறிய அப்பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. மாண்டொழிந்தது என்றே பலர் முடிவு செய்துவிட்டனர். 1986-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பம்பாய்க் கழகத்தின் ஆராய்ச்சியாளர் பரத் பூஷண் தேடி வந்திருந்த வேளையில், ஐத்தன்னா என்னும் உள்ளூர் வேட்டைக்காரர் இரவில் விளக்கொளியில் அதனை உயிரோடு பிடித்துக் கொணர்ந்தார். பகலெல்லாம் தேடிய விஞ்ஞானிகளுக்கு அது கிட்டாததன் காரணம் எளிது. அஃது இரவில் உலவும் பறவை. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காணாமற் போயிருந்த பறவை, காட்டைப் படித்த ஒருவர் கையில் கிடைத்தது. அதன்பொருட்டே அப்பகுதியில் இலங்கமல்லேசுவரர் பெயரால் வனவிலங்குச் சரணாலயம் ஒன்று அமைந்தது.

ரிஷி வேலியின் வரலாறு

காண்பவர் வேறு, எழுதுபவர் வேறு என்று இருந்த இந்நிலையை மாற்றிப் பள்ளிப் பிள்ளைகளையே காண்பவராகவும் எழுதுபவராகவும் ஆக்கிய ஓர் இடம் நம் சீமையில் உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலிப் பள்ளியே அது. 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி அவர்கள், 1926 அளவில் இப்பள்ளத்தாக்கைக் கல்விக்குரிய இடமாகத் தேர்ந்தார்கள். சென்னைக் கிண்டியில் நடந்துவந்த பள்ளி 1931-இல் இங்கு மாற்றப்பட்டது. தமிழ் மண்ணில் வேர்விட்ட பள்ளி ஒன்று நம்மைப் போலவே வடக்கே புலம்பெயர்ந்து வந்து வேரூன்றியது என்று கொள்ளலாம்.

பள்ளி வந்த காலத்தில் அப்பள்ளத்தாக்கு வறண்ட நிலம். மழை குறைவு. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். விறகு வெட்டியும் ஆடுமாடு மேய்த்தும் குன்றுகள் மேலும் வெளுத்தன. பள்ளியார் பல்லாண்டு காலம் மரம் நட்டனர். குன்றின் சரிவில் பெய்யும் மழைநீர் ஓடிவிடாமல் நிலத்தில் ஊறும்படி குட்டைகள் வெட்டினர். மேய்ச்சலைத் தடுத்து, புதர்கள் தாமே துளிர்க்க விட்டனர். மண்ணில் ஈரம் தங்கவே புதர் தழைத்தது. புதர் தழைக்கவே பூச்சியும் பழமும் பெருகின. அவற்றை நாடிப் பறவைகள் வந்தன.

பறவைகள் வந்தன என்று எவ்வாறு அறிவது? "முன்னைவிட இப்போது பறவை மிகுதி" என்று வாயால் சொன்னால் அது வெறும் பேச்சு. எந்த ஆண்டு எந்தப் பறவை முதன்முதல் தென்பட்டது, எங்குக் கூடு கட்டிற்று, எத்தனை குஞ்சு பொரித்தது என்று எழுதி வைத்திருந்தால் மட்டுமே அது விஞ்ஞானம் ஆகும். அங்கு வாழ்ந்த எஸ். ரங்கசாமி அவர்களும் எஸ். ஸ்ரீதர் அவர்களும் இவ்வாறு சேர்ந்த செய்திகளைத் தொகுத்து, ரிஷி வேலியின் பறவைகளையும் அவற்றின் வாழிடங்கள் புத்துயிர் பெற்றதையும் குறித்து 1993-இல் ஆங்கில நூல் ஒன்று வெளியிட்டனர். அதற்கு இரண்டாண்டு முன், 1991-இல் அப்பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்குப் பதிவாகியுள்ளன. விடியற்காலையில் பறவை நோக்கச் செல்வதும், கண்டதைக் குறித்து வைப்பதும் அங்கு மாணவர் வாழ்வின் ஒரு கூறாகவே அமைந்தன.

அப்பறவைகளுள் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர். தென்னிந்தியாவின் பாறைக் குன்றுப் புதர்களில் அன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. ஆபத்துக்குள்ளான இனம் என்று உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நம் பக்கத்துக் குன்றுகள் சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் உடைக்கப்பட்டுக் குறைந்துகொண்டே வருகின்றன. அத்தகைய குன்று ஒன்றின் அடியில் படிக்கும் பிள்ளை, இச்சின்னானை இன்ன நாளில் இன்ன பாறைமேல் கண்டேன் என்று எழுதினால், அஃது உலகில் வேறு எவரும் எழுத முடியாத செய்தி அன்றோ?

1990-களில் அப்பள்ளி பறவையியலுக்கும் இயற்கை வரலாற்றுக்கும் ஒரு நிலையத்தையே நிறுவிற்று. சென்னை அடையாற்று முகத்துவாரத்துப் பறவைகளைப் பல்லாண்டு பதிவு செய்த நம் தமிழர், முனைவர் வி. சாந்தாராம் அவர்கள் அந்நிலையத்தின் இயக்குநராக விளங்கினார்கள். வீட்டிலிருந்தே பறவையியல் பயிலும் அஞ்சல்வழிப் பாடம் ஒன்றும் அங்கிருந்து நடத்தப்பட்டது. அலுவலகம் போய்வரும் எம் போன்றோரும் பறவை நூல் கற்க அதனால் வழி பிறந்தது.

பார்சல் சீட்டுப் போல ஒரு சிறகுச் சீட்டு

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் இங்குச் சொல்லத்தக்கது. எம் தொழிலுக்கு நெருங்கியதாதலின் அதனைச் சற்று விரித்துரைக்கிறோம்.

வட அமெரிக்காவில் மானார்க் என்னும் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சி உண்டு. இலையுதிர் காலத்தில் அவை இலட்சக்கணக்கில் தெற்கு நோக்கிப் பறந்து மறையும். எங்கே செல்கின்றன என்பதை எவரும் அறியார். கானடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த பேராசிரியர் பிரெட் அர்க்குவார்ட் என்பவரும் அவர்தம் துணைவியார் நோராவும் 1930-களின் இறுதியில் இக்கேள்வியைக் கையில் எடுத்தனர். பட்டாம்பூச்சியின் சிறகில் சிறு காகிதச் சீட்டு ஒன்றை ஒட்டி, அதில் எண்ணும், கண்டெடுப்போர் அனுப்ப வேண்டிய முகவரியும் அச்சிட்டுப் பறக்கவிட்டனர். நாம் மூட்டைக்குச் சீட்டு ஒட்டி அனுப்புகிறோமே, அதே முறைதான். மூட்டை வழியில் எங்கு இறங்கினாலும் சீட்டைப் பார்த்து அது புறப்பட்ட இடத்தை அறியலாம்.

இருவரால் எத்தனை பூச்சிக்குச் சீட்டு ஒட்ட முடியும்? 1952 முதல் பொதுமக்களின் துணையை வேண்டினர். ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலர் முன்வந்தனர். 1975 ஜனவரியில் மெக்சிகோ நாட்டின் உயர்ந்த மலைக் காட்டில், மரத்தின் கிளையெல்லாம் மூடும்படி கோடிக்கணக்கான பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிப்பதை அவருடைய உதவியாளர்கள் கண்டனர். ஆயினும் அவை வடக்கிலிருந்து வந்தவைதாம் என்பதற்கு மறுக்க முடியாத சான்று வேண்டுமே! ஓராண்டு கழித்து, 1976 ஜனவரியில், அர்க்குவார்ட் தாமே அம்மலையேறினார். பூச்சிகளின் பாரம் தாங்காமல் கிளை ஒன்று அவர் எதிரே முறிந்து விழுந்தது. அதில் இருந்த பூச்சிகளுள் ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. எண்ணை ஏட்டில் பார்த்தபோது, ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சாஸ்கா என்னும் சிற்றூரில், ஓர் ஆசிரியரும் பள்ளிச் சிறுவர் இருவரும் முந்திய ஆண்டில் ஒட்டியனுப்பியது என்று தெரிந்தது.

நாற்பதாண்டு ஆராய்ச்சிக்கு முத்திரையிட்ட சான்று, பள்ளிச் சிறுவர் கைபட்ட ஒரு சீட்டு. அச்சிறுவர்கள் ஏட்டில் எண்ணை மாற்றி எழுதியிருந்தால், அல்லது ஒட்டியும் எழுதாமல் விட்டிருந்தால், அந்தப் பூச்சி புறப்பட்ட ஊரை யார் அறிவார்?

இன்னொன்றும் சுருக்கமாகக் கூறுவோம். இங்கிலாந்தில் பிளாக்காட்டன் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் எட்டு முதல் பத்து வயது வரையுள்ள 25 பிள்ளைகள், தேனீ இனம் ஒன்று நிறத்தையும் அமைப்பையும் சேர்த்து நினைவில் வைத்துச் சர்க்கரைநீர் உள்ள பூவைக் கண்டுகொள்ளுமா என்று தாமே கேள்வி எழுப்பிச் சோதித்தனர். அவர்கள் தம் சொல்லிலேயே எழுதி, வண்ணப் பென்சிலால் படம் வரைந்த கட்டுரை, 2010-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உயிரியல் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று.

தமிழ்நாட்டிலும் பாரத நாட்டிலும்

நம் தாயகமும் இதில் பின்தங்கியதன்று. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதை 1970-களிலேயே இளைஞர் இரவு நடை சென்று கணக்கெடுக்கத் தொடங்கினர். 1980-களின் இறுதியில் மாணவர்களே அதற்கென ஓர் அமைப்பைக் கண்டு, ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை நள்ளிரவில் மணலில் நடந்து, கூடுகளின் எண்ணிக்கையையும் முட்டைகளின் எண்ணிக்கையையும் பொரித்துக் கடலுக்குச் சென்ற குஞ்சுகளின் எண்ணிக்கையையும் எழுதி வருகின்றனர். கடற்கரை விளக்கொளி குஞ்சுகளைத் திசை மாற்றுகிறது என்பதை மேடையில் சொன்னால் கேட்பவர் குறைவு. ஆண்டு வாரியாக ஏட்டைக் காட்டிச் சொன்னால் அதிகாரிகளும் செவிசாய்க்கின்றனர்.

1993 முதல் பல்லாண்டு நடந்த தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றைத் தாமே ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்க மேடை தந்தது. சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் இடம்பெற்றனர்.

பறவை எண்ணும் பணியில் இன்று பாரத நாடு முழுவதுமே ஈடுபட்டுள்ளது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்குவோர் அளித்த மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு, 942 இனங்களை ஆராய்ந்தது. அவருள் மிகப் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். இதற்கு முன் 2020-இல் வந்த அறிக்கை சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னதைக் கேளுங்கள். பெருநகர்களில் குருவி குறைந்திருக்கிறது. ஆயினும் நாடு முழுவதையும் நோக்கினால் இருபத்தைந்து ஆண்டுகளில் அதன் தொகை பெரிதும் மாறவில்லை. "சிட்டுக்குருவி அழிந்தே போயிற்று" என்று கூட்டந்தோறும் பேசி வருந்திய நமக்கு, சிறுசிறு குறிப்புகளின் தொகுதி ஒன்று விடையளித்தது.

மறுப்புகளும் விடைகளும்

இவற்றையெல்லாம் நண்பர்களிடம் எடுத்துரைத்தபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

முதலாவது, பிள்ளைகள் தவறாக எண்ணுவர் என்பது. எண்ணத்தான் செய்வர். பெரியோரும் தவறாக எண்ணுகிறோம். ஒருவர் எண்ணியதை மற்றொருவரும், ஒரு நாள் எண்ணியதை மறுநாளும் எண்ணிப் பார்ப்பதே அதற்கு மருந்து. தவறிய எண் பலருடைய எண்ணிக்கையில் கரைந்துவிடும். ஆனால் வேண்டுமென்றே மாற்றிய எண் ஏட்டையே கெடுத்துவிடும். முன்னது பிழை. பின்னது பொய்.

இரண்டாவது, இதனால் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணேனும் கூடுமா என்பது. கூடாது என்றே ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் நாளை மருத்துவராகப் போகும் பிள்ளை, நோயாளியின் சீட்டில் தான் கண்டதை எழுதுமா, இருக்க வேண்டும் என்று எண்ணியதை எழுதுமா என்பது இவ்வயதில் பழகும் பழக்கத்தைப் பொறுத்தது. பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வலிவுடையது. ரிஷி வேலி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் பள்ளி. அடையாறும் பெருநகரத்தது. இரயில்வே குடியிருப்பிலும் நெசவாளர் தெருவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவை எட்டுமா? இதற்கு எம் விடை ஐத்தன்னாவே. அவரிடம் இருந்தவை விளக்கும், காட்டை அறிந்த கண்ணும். நம் பிள்ளைகளுக்கோ நோட்டுப் புத்தகமும் பென்சிலும் உண்டு. ஐயம் தெளிய 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015 முதல் நடந்துவரும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இத் திருப்பதியிலேயே உள்ளன. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசல மலை நம் கண்ணெதிரே நிற்கிறது. இவ்வளவு அருகில் இவ்வளவு பெரிய புத்தகத்தைப் பெற்ற பிள்ளைகள் நாட்டில் எத்தனை பேர்?

எமது வேண்டுகோள்

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறோம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணும் வழக்கம் ஒன்று வளர்ந்து வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போக விடுப்புக் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிடும் குடும்பங்கள் நம்முள் பல. அந்நாட்களில் நம் பிள்ளைகள் தத்தம் தெருவிலும் மலையடிவாரத்திலும் கால்மணி நேரம் நின்று எண்ணட்டும். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, எண்ணியவர் பெயர் என ஆறு கட்டங்கள் போதும். பறவையின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதட்டும். நாம் பனங்காடை என்பதை இந்நாட்டார் பாலபிட்ட என்பர். நம் மைனா அவர்களுக்குக் கோரிங்க. தெலுங்கு பேசும் தோழர்களையும் சேர்த்துக்கொண்டால் இரு மொழியும் ஒரே ஏட்டில் இடம்பெறும். எதிர்பார்த்த பறவை வராத நாளில் "காணவில்லை" என்று எழுதவும் கற்கட்டும். அதுவும் ஒரு பதிவே. ஏட்டினைச் சங்கத்தின் பீரோவில் ஆண்டு வாரியாக அடுக்கி வைப்போம். பத்தாண்டு கழித்து அதைப் புரட்டுபவர், இன்று நமக்குத் தெரியாத ஒன்றை அதிலிருந்து அறிவார்.

இனி, முன்பு சொல்லாமல் விட்ட செய்தி. எண்ணை மாற்றச் சொன்ன ஐந்தாறு மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தெருமுனையில் திருமண ஊர்வலம் ஒன்று மேளதாளத்துடன் வந்தது. அரசமரத்தடியில் சரவெடி கொளுத்தினர். அடைந்திருந்த மைனாக்கள் அத்தனையும் அலறிப் பறந்து, இருட்டில் எங்கோ சென்றன. வெகுநேரம் கழித்து ஆறோ ஏழோ மட்டுமே திரும்பின. எமக்கு நெஞ்சில் ஏதோ உறைத்தது. வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, பத்தாம் நாளின் தேதியைப் பழைய நாட்காட்டியில் பார்த்தோம். அது முகூர்த்த நாள். "அன்றைக்கு வெடி வெடித்தார்களா அம்மா?" என்று மகளைக் கேட்டோம். "ஆமாம் அப்பா. எண்ணத் தொடங்கும்போதே வெடித்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்கவில்லை" என்றாள்.

பதினான்கு நாள் எண்ணிக்கையில் மெய்யான கண்டுபிடிப்பு என்று சொல்லத்தக்கது அந்த ஒன்பது ஒன்றே. அதைத்தான் யாம் அழிக்கச் சொன்னோம்.

மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தோம். அவள் 60 என்பதன் குறுக்கே ஒரு கோடிட்டு, பக்கத்தில் 9 என்றும், அதன் கீழே "மாலையில் சரவெடி" என்றும் எழுதிக் கையொப்பமிட்டாள். திருத்தத்துக்குப் பொறுப்பான எழுத்தர் என்ற முறையில் அதனடியில் யாமும் கையொப்பமிட்டோம். மறுநாள் மாலை முதல் அவள் மீண்டும் வாசற்படியில் அமர்ந்து எண்ணத் தொடங்கினாள்.

வரும் பொங்கலில் நம் பிள்ளைகள் அனைவரும் ஏடும் பென்சிலும் எடுத்து வெளியே வருக. நம் சங்கம் நீடு வாழ்க!